சாம்பல் நிறத்தின் பிடிவாதம்

இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையம் மலை முகட்டின் மேலேயே இருக்கிறது. ஒரு பக்கம் ஊவாவின் பள்ளத்தாக்குகள், மறுபக்கம் தெற்கே சரிந்து இறங்கும் தாழ்நிலம். பிற்பகலானால் சரிவிலிருந்து மூடுபனி ஏறி வரும்; சில நிமிடங்களில் தண்டவாளம், தேயிலை, ஆட்கள் எல்லாம் வெள்ளைக்குள் போய்விடும். அந்த வெள்ளையைத் தானியங்கி நிலையில் உள்ள ஒரு கெமராவால் வீடியோ எடுத்துப் பாருங்கள். திரையில் அழுக்குச் சாம்பல்தான் வரும். பனிக்குள் நடந்து வரும் ஆளின் முகம் அடையாளம் தெரியாமல் கறுத்திருக்கும்.

கெமராவில் பழுது ஒன்றுமில்லை. அது தனக்குத் தெரிந்த ஒரே கணக்கைப் போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஒளிமானிக்கு எதிரே நிற்பது பனியா, பள்ளிச் சீருடையா, கரும்பாறையா என்று தெரியாது. வந்து விழும் ஒளி எவ்வளவு என்பது மட்டும் தெரியும். ஆகவே அதைச் செய்தவர்கள் அதற்கு ஓர் அனுமானத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: எந்தக் காட்சியையும் கலக்கிச் சராசரி எடுத்தால், தன் மேல் படும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் கிடைக்கும். சராசரி அதைவிட வெளுப்பாக இருந்தால் படத்தை இருட்டாக்கு. கறுப்பாக இருந்தால் வெளிச்சமாக்கு. பனியோ தன் மேல் படும் ஒளியில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. கெமரா அதை இழுத்துச் சாம்பலில் நிறுத்துகிறது. கூடவே முகமும் இருளுக்குள் போகிறது.

பெரும்பாலான இடங்களில் இந்த அனுமானம் சமாளித்துவிடும். ஊவாவில் அடிக்கடி தோற்கும். வெள்ளைப் பனி, அதை ஒட்டிக் கரும்பச்சைச் சரிவு, அந்தச் சரிவின் விளிம்பில் வானத்தைப் பின்னால் வைத்து நிற்கும் கறுத்த முகம். இந்த மூன்றில் எதைச் சரியாகக் காட்டுவது என்ற முடிவைச் சராசரிக் கணக்கிடம் விடக்கூடாது. கெமராவின் பொத்தான்களைக் கையால் திருப்பக் கற்றுக்கொள்வது என்பது, என்னைக் கேட்டால், அந்தச் சாம்பலோடு வாதாடக் கற்றுக்கொள்வதுதான்.

முதல் வாதம் எளிது. ஒளியை இரட்டிப்பாக்குவதையோ பாதியாக்குவதையோ கெமராக்காரர்கள் ‘ஒரு ஸ்டொப்’ என்பார்கள். இங்கே படி என்றே சொல்கிறேன். பனி நிறைந்த சட்டகத்தில் கெமரா சொல்வதைவிட ஒரு படி, சில வேளை ஒன்றரைப் படி கூட்டினால் வெள்ளை வெள்ளையாகும். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்ட பொத்தான் எல்லாக் கெமராவிலும் உண்டு. கைபேசியில் திரையைத் தொட்டுப் பிடித்தால் வரும் சூரிய அடையாளமும் அதுதான். பழைய போட்டோக்காரர்களிடம் இன்னொரு வழி இருந்தது: வெயில் படும் புல்தரை ஏறத்தாழ அந்த நடுச்சாம்பல் அளவே வெளிச்சம் தரும், ஆளின் மேல் விழும் அதே வெளிச்சம் புல்லிலும் விழுகிறதென்றால், புல்லைப் பார்த்து அளந்துவிட்டு ஆளைப் படம் எடுக்கலாம். புல்லுக்கு ஊவாவில் பஞ்சமில்லை.

இனி, ஒளி உள்ளே வரும் வழி. லென்ஸுக்குள் திறந்து மூடும் துவாரம் அப்பேச்சர். அதன் எண்கள் முதலில் குழப்பும்: எஃப் 2, எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8 என்று எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும். இந்த எண் ஒரு வகுத்தலின் விடை. லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. 50 மி.மீ. லென்ஸில் துவாரம் 25 மி.மீ. என்றால் எஃப் 2, 12.5 மி.மீ. என்றால் எஃப் 4. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகும். ஆகவே 2க்கும் 4க்கும் இடையில் இரண்டு படிகள். நடுவில் 2.8 என்ற எண் வருவதற்கு இரண்டின் வர்க்கமூலமே காரணம்.

ஒவ்வொரு சட்டகமும் எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பது ஷட்டர் வேகம். போட்டோவில் இதை விரும்பியபடி மாற்றலாம். வீடியோவில் அவ்வளவு சுதந்திரம் இல்லை. பழைய சினிமாக் கெமராக்களில் பாதி வட்டம் வெட்டிய தகடு ஒன்று பிலிமுக்கு முன்னால் சுழன்றது. அதனால் ஒரு சட்டகத்துக்குரிய நேரத்தில் பாதிதான் ஒளி விழுந்தது. நூறு வருடமாக அந்த அசைவின் மங்கலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுதான் இயல்பாகத் தெரிகிறது. வினாடிக்கு 25 சட்டகம் என்றால் ஷட்டர் 1/50. கொழுந்து பறிக்கும் விரல்களை 1/50இல் எடுத்தால் விரல் நுனி சற்றுக் கரைந்து, கை ஓடுகிற ஓட்டம் தெரியும். 1/1000இல் எடுத்தால் ஒவ்வொரு விரலும் கூர்மையாக, வெட்டி வெட்டித் துடிக்கும். சண்டைக் காட்சிக்கு அது பொருந்தலாம். கொழுந்துக்குப் பொருந்தாது.

இந்த 25, 50 என்ற எண்களுக்கு இலங்கையில் இன்னொரு காரணமும் உண்டு. அதை விளக்காமல் எத்தனையோ பயிற்சி வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மாறுமின்னோட்டம் ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால், விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரண்டு துடிப்புகளை வாங்கும். 1/100 என்றால் சரியாக ஒன்று. 1/60 என்றால் ஒன்றும் முக்காலுக்குச் சற்றுக் குறைவும். அந்த மீதித் துண்டுதான் திரையில் மேலும் கீழும் நகரும் கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது.

கைபேசிகள் பலவும் வினாடிக்கு 30 சட்டகம் என்ற அமைப்போடு வருகின்றன. அது 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவின் வழக்கம். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தின் காம்பராவில் ஒற்றை எல்.இ.டி. பல்பின் கீழ் எடுத்த பிறந்தநாள் வீடியோ துடிப்பதற்கு இதுவே காரணம். பழைய குண்டு பல்பில் தொல்லை குறைவு. அதன் இழை சூடு தணிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். மலிவான எல்.இ.டி. பல்பு ஒவ்வொரு துடிப்பிலும் முழுதாக அணைந்து எரியும். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் இங்கே ஒளிபரப்பத் தொடங்கியபோது 25 சட்டக முறையில்தான் தொடங்கின. அதே எண்ணைக் கைபேசியிலும் தேர்ந்துகொள்ளுங்கள். 25 இல்லாத கைபேசியில் 30ஐயே வைத்துக்கொண்டு ஷட்டரை மட்டும் 1/50இலோ 1/100இலோ பூட்டினாலும் துடிப்பு நின்றுவிடும். மெதுவசைவு வேண்டுமென்றால் விளக்கின் கீழ் வினாடிக்கு 100 சட்டகம் வரை தாங்கும். 120க்குப் போனால் எந்த ஷட்டராலும் காப்பாற்ற முடியாது. பகல் வெளிச்சத்துக்குப் போய் எடுங்கள்.

பகல் வெளிச்சத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைகளின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற வாசம் அந்த வறட்சியில் உண்டாவது. கெமராக்காரருக்குக் கிடைப்பது துடைத்த வானமும் கூசும் வெயிலும். பழைய விதி ஒன்று சொல்கிறது: முழு வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர், ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்கட்டும். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. நமக்கு வேண்டியதோ 1/50. அப்படியானால் அப்பேச்சர் எஃப் 22க்குப் போகவேண்டும். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் கூர்மை இழக்கும். எஃப் 4இல் எடுக்க விரும்பினால் ஐந்து படி ஒளியை, அதாவது 32இல் ஒரு பங்கு போக மீதி எல்லாவற்றையும், வெளியிலேயே தடுக்கவேண்டும். அதற்குத்தான் என்.டி. பில்டர் என்ற இருண்ட கண்ணாடி. வீடியோ எடுக்க இறங்கும் ஒருவர் இரண்டாவது லென்ஸ் வாங்குவதற்கு முன் இதை வாங்கவேண்டும். மிக மலிவானதை மட்டும் வேண்டாம். கட்புலனாகும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை உள்ளே விடும் பில்டர்கள் இருக்கின்றன. இலைகள் அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்புபவை. தேயிலை மலையில் நிறம் சேறாகி, கறுப்புத் துணி செம்பழுப்பாகிவிடும்.

செப்டெம்பர் முதல் வாரத்தில் பதுளையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பதுளை வட அகலக்கோடு 7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் முதல் வாரம் கழிந்ததும் அப்படியே. அந்த வேளையில் தலைத்துண்டின் கீழ் இருக்கும் கண்கள் இரண்டும் குழியாகத் தெரியும். எந்த லென்ஸும் அதைத் திருத்தாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கூரை விளிம்புக்கு அந்த ஆள் வரும்வரை காத்திருப்பது திருத்தும்.

முகத்தைப் பற்றி இங்கே சற்று நிறுத்திப் பேசவேண்டும். வெளிர் தோல் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 35 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுத்த தோல் அதில் பாதிக்கும் குறைவாக. சாம்பல் கணக்கு இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்கும். பின்னால் வானம் இருந்தால் கறுத்த முகம்தான் முதலில் பலியாகும். இதற்குப் பின்னால் வெறும் இயற்பியல் மட்டும் இல்லை. கொடாக் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கலர் பிரிண்ட் போடும் ஆய்வுகூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷர்லி அட்டை என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுத்த தோலின் மெல்லிய வேறுபாடுகளை அந்தப் பிலிம்கள் சரியாக வாங்கவில்லை. 1970களில் கொடாக் அதைத் திருத்த முனைந்ததற்குத் தளபாட நிறுவனங்களும் சாக்லேட் நிறுவனங்களும் செய்த முறைப்பாடும் ஒரு காரணம்: கறுத்த மரமும் வெளிர் மரமும் ஒன்றாகத் தெரிகின்றன, பால் சாக்லேட்டும் கறுப்புச் சாக்லேட்டும் ஒன்றாகத் தெரிகின்றன என்று. மனிதர்களின் முறைப்பாடு அத்தனை வேகமாக எடுபடவில்லை.

ஆகவே முகத்தை அளந்து எடுங்கள். வானம் வெளுத்துப் போனால் போகட்டும். உள்ளங்கை ஒரு நல்ல அளவுகோல்: யாருடைய தோல் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கைகளின் வெளிச்சம் ஓரளவு ஒன்றுபோல, நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி கூடுதலாக இருக்கும். கையை முகத்தருகே பிடித்து அளந்து, ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். உங்கள் கையாக இருக்கட்டும். பருவத்தில் கொழுந்து எடுப்பவரின் உள்ளங்கையில் தேயிலைச் சாறு கறையேறிக் கிடக்கும், அளவு பிசகும். இன்னொன்று: கறுத்த தோலை அழகாகக் காட்டுவது அதிக வெளிச்சத்தைவிட அகன்ற வெளிச்சம். நேர் வெயில் நெற்றியில் ஒரு பளபளப்பை மட்டும் வைத்துவிட்டு மற்றதைக் கறுப்பாக்கும். மூடுபனி வானம் முழுவதையும் விளக்காக்கிக் கன்னத்தின் வளைவு, கண்ணோரச் சுருக்கம் எல்லாவற்றையும் மெதுவாகத் தடவிக் காட்டும். ஒளிமானியை ஏமாற்றும் அதே பனி முகத்துக்கு வாய்த்த மிகச் சிறந்த ஒளி. சுற்றுலா வீடியோக்காரர்கள் வெயிலுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

லயக் காம்பராவுக்குள் பேட்டி எடுக்கிறவர்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். வாசல் அழகாக இருக்கிறதென்று பாட்டியை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்கிறார்கள். உள்ளே 50 லக்ஸ் வெளிச்சம், வெளியே 50,000 லக்ஸ். இடைவெளி ஆயிரம் மடங்கு, பத்துப் படி. பெரிய கெமராக்கள் பன்னிரண்டு, பதினான்கு படிகளைத் தாங்குமென்று விளம்பரம் செய்கின்றன. கைபேசி அவ்வளவு தாங்காது. ஆளைத் திருப்பி வாசலைப் பார்த்து உட்கார வைத்தால் போதும். பத்தடி அகலக் காம்பராவில் அந்த ஒற்றை வாசல்தான் ஸ்டூடியோ விளக்கு.

சாம்பலின் பிடிவாதம் வெளிச்சத்தோடு நிற்பதில்லை. நிறத்திலும் அதே கதை. வெள்ளைச் சமநிலையைத் தானாகக் கணிக்கும் முறைகளில் மிகப் பழையது, காட்சியின் எல்லா நிறங்களையும் சேர்த்தால் சாம்பல் வரவேண்டும் என்று நம்புகிறது. இன்றைய கெமராக்கள் அதன்மேல் பல தந்திரங்களை ஏற்றியிருந்தாலும் அடிப்படை நம்பிக்கை முழுதாகப் போய்விடவில்லை. சட்டகத்தில் முக்கால்வாசி தேயிலைப் பச்சை என்றால், பச்சை கூடிவிட்டதென்று நினைத்து அதன் எதிர்நிறமான ஊதாச் சிவப்பைக் கலக்கும், முகங்கள் இளஞ்சிவப்பாகும். பனி வந்து போகும்போதெல்லாம் மனதை மாற்றிக்கொண்டு ஒரே காட்சியின் நடுவில் நிறத்தை மாற்றும். வெளியில் 5,500 கெல்வின் என்று பூட்டிவிடுங்கள். நிழலில் சற்று நீலம் ஏறும், ஏறட்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிற்பவரின் தாடையில் கீழிருந்து தெறிக்கும் பச்சை விழுவது உண்மை. அதை முற்றாக நீக்கினால் அவர் வேறெங்கோ நிற்பதுபோல இருக்கும்.

தானியங்கிக் குவியமும் பனியில் தத்தளிக்கும். அது விளிம்புகளைத் தேடுகிறது. பனியில் விளிம்புகள் இல்லை. முன்னும் பின்னும் ஓடிக் களைத்து ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். இதற்குக் கையால் செய்யும் தீர்வு ஒன்று உண்டு, அதற்கு லென்ஸுகளைப் பற்றிப் பேசவேண்டும்.

முழுச் சட்டகச் சென்சர் என்பது 36க்கு 24 மி.மீ. அதன் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. குவியத் தூரம் அந்த அளவை ஒட்டியிருந்தால் படம் கண்ணுக்கு இயல்பாக இருக்கும், 50 மி.மீ. லென்ஸை இயல்பு லென்ஸ் என்பது அதனால்தான். அது பக்கவாட்டில் சுமார் 40 பாகை பார்க்கும். 24 மி.மீ. லென்ஸ் 74 பாகை, 85 மி.மீ. 24 பாகை, 200 மி.மீ. சுமார் 10 பாகை. கைபேசியின் பிரதான லென்ஸ் ஏறத்தாழ 24 மி.மீ.க்குச் சமமானது. ஆகவே நாம் பார்க்கும் உலகம் இப்போது பெரும்பாலும் 74 பாகை அகலமாக இருக்கிறது.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது. 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். அதன் முன்னால் நின்று எடுக்கும் படங்களில் ஆள் பெரிதாகவும் பாலம் எங்கோ ஒரு வளையலாகவும் வருகிறதே, ஏன்? லென்ஸ் சுருக்கிவிட்டது என்பார்கள். லென்ஸுக்கு அதில் பங்கு இல்லை; நீங்கள் நிற்கும் இடத்துக்குத்தான் பங்கு. நண்பர் உங்களிடமிருந்து 1 மீற்றர் தூரத்தில், பாலம் அவருக்குப் பின்னால் 300 மீற்றர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. லென்ஸில் எடுக்கிறீர்கள். இப்போது 4 மீற்றருக்குப் பின்வாங்கி 100 மி.மீ. லென்ஸ் போடுங்கள். நண்பரின் அளவு மாறாது, ஏனென்றால் தூரமும் குவியத் தூரமும் ஒன்றாக நான்கு மடங்காகியிருக்கின்றன. பாலத்துக்கோ தூரம் 301 மீற்றரிலிருந்து 304 ஆனது, அவ்வளவுதான். அது திரையில் நான்கு மடங்காகி அவர் தோளுக்குப் பின்னால் எழுந்து நிற்கும். தோற்றத்தைத் தீர்மானிப்பது தூரம். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதே லென்ஸின் வேலை.

இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னவில் தொழிற்சாலை கட்டினார். அவருடைய தேயிலை விளம்பரங்களில் கூடையோடு கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண் உலகமெல்லாம் போனாள். 1934இல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்துக்கும் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசாரச் சபைதான். அந்தப் படம் சினிமாவாக மிகப் பெரிய படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் தேயிலை மலையைப் பார்க்கும் ஒரு தூரம் அன்றிலிருந்தே பழக்கமாகிவிட்டது: எதிர் ரோட்டிலிருந்து நீண்ட லென்ஸில், பச்சைக்குள் வண்ணப் புள்ளிகளாக. நீண்ட லென்ஸ் பிடிக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் நிரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கி, சரிவு தட்டையாகி, கம்பளம் மாதிரி ஆகிவிடும். இப்போது அதையே ட்ரோன் செய்கிறது.

நிரைக்குள் இறங்கி 35 மி.மீ. லென்ஸோடு ஒன்றரை மீற்றரில் நின்றால் வேறு விஷயங்கள் தெரியும். செடி இடுப்பளவு, அதைப் பிளந்துகொண்டுதான் நடக்கவேண்டும். கூடையின் கயிறு தலையில் அழுத்துகிறது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. சரிவை உண்மையாகக் காட்ட மலையை நேராகப் பார்த்து எடுக்கக்கூடாது. நிரையின் போக்கிலேயே பக்கவாட்டாகப் பார்க்கவேண்டும். கெமராவின் மட்டத்தை நிழல் மரத்தின் தண்டோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். கால் சரிவில் நிற்கும்போது நம்மை அறியாமலே கெமராவைச் சாய்த்து மலையைச் சமதரையாக்கிவிடுகிறோம்.

அங்கே நிற்கும்போது நினைவில் வைக்கவேண்டியது, கொழுந்து கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகிறது. “அக்கா, இன்னொரு தடவை இந்தப் பக்கம் பாருங்க” என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவருடைய கூடையிலிருந்து எடுக்கிறோம். மலைக்கு இறங்கும் முன்பே எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு போகவேண்டும்: 25 சட்டகம், 1/50, 5,500 கெல்வின், பில்டர். குவியத்தையும் பூட்டலாம், பனியில் தத்தளிக்கும் தானியங்கிக்கான தீர்வு என்று சொன்னது இதுதான். 24 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து 2.4 மீற்றர் தூரத்துக்குக் குவித்தால், 1.2 மீற்றரிலிருந்து நமுனுகுல மலைவரை எல்லாம் போதிய கூர்மையோடு இருக்கும். அதன் பிறகு குவியத்தைத் தொடவே வேண்டாம். பனி வரட்டும், போகட்டும்.

எதிர்முனையில், 85 மி.மீ. லென்ஸை எஃப் 2இல் வைத்து இரண்டு மீற்றரில் ஒரு முகத்தை எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஆறு, ஏழு சென்ரிமீற்றர்தான். கண் தெளிவாக இருக்கும், காது கரையும். பேட்டியில் ஆள் சற்று முன்னால் சாய்ந்தாலே கண்ணும் போய்விடும். எஃப் 5.6க்கு மூடினால் 18 சென்ரிமீற்றர் கிடைக்கும். பின்னணியை முழுக்கக் கரைத்துவிடுவது இப்போதைய மோகம். மலையகத்தில் ஒருவரை எடுத்து, அவருக்குப் பின்னால் இருக்கும் லயத்தையும் மலையையும் பாலாக்கிவிட்டால் அவரைக் கொழும்பிலேயே எடுத்திருக்கலாம். கரைப்பதில் மேதையான ஒருவர் இந்த மலைகளில்தான் இறந்தார்: ஜூலியா மார்கரெட் கெமரன். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879இல் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். ஊவா அல்ல, பக்கத்து மலை. பெரிய கண்ணாடித் தகடு, நீண்ட நேரம் திறந்திருக்கும் லென்ஸ், அசையாமல் இருக்க முடியாத மனிதர்கள். அந்த மங்கலை அவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார், விமர்சகர்கள் திட்டினார்கள்.

இரவுக்கு வருவோம். மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். விடிய விடிய ஆட்டம், தப்பு அதிரும். ஒளி போதாதபோது எல்லோரும் ஐஎஸ்ஓவை ஏற்றுகிறார்கள். ஐஎஸ்ஓ ஒளியைக் கூட்டுவதில்லை. வந்த சமிக்ஞையைப் பெருக்குகிறது. ஒளி துகள் துகளாக வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் அதன் ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது ஒரு சதவீதம். 100 துகள்கள் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, பத்துச் சதவீதம். இருட்டில் திரையில் எறும்பு ஊர்வதுபோலத் தெரிவது இந்தப் பத்துச் சதவீதம். பெருக்கினால் அதுவும் சேர்ந்து பெருகும். ஆகவே முதலில் துவாரத்தைத் திறங்கள். எஃப் 4 லென்ஸைக் கழற்றி எஃப் 1.8 போட்டால் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளி. அடுத்து ஷட்டரை 1/25க்கு இறக்குங்கள், இன்னொரு மடங்கு. ஐஎஸ்ஓ கடைசியில். கைபேசியின் சென்சர் பரப்பு பெரும்பாலும் முழுச் சட்டகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. இரவுக் கூத்தில் அது தோற்பது மென்பொருளின் குற்றமல்ல, துகள்களின் பஞ்சம்.

காமன் எரியும் கட்டத்துக்கு முன்பே வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தீ எழுந்ததும் கெமரா பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். ரதியின் முகம் காணாமற்போகும். தீயின் நிறம் 2,000 கெல்வின் அளவில் இருக்கும். அதை வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான சென்சர்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கின்றன. அதற்கு 1/50 வினாடி எடுக்குமென்றும், ரயில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போகிறதென்றும் வைத்துக்கொண்டால், மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் ரயில் 17 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். பாதையோரக் கம்பங்கள் சாய்ந்து போவது அதனால்தான். தூரத்து மலைகள் சாயாது. யன்னலுக்கு நேர் எதிரே பார்க்காமல் ரயில் போகும் திசைக்குச் சற்றுச் சரிவாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது.

பதிவு செய்யும் தரத்திலும் பனிக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. 8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 நிலைகள். பனி அவற்றில் ஒரு சிறு பகுதியை எடுத்துத் திரை முழுவதும் பரப்புவதால் மெல்லிய மாற்றம் படிக்கட்டாகத் தெரியும். 10 பிட்டில் 1,024 நிலைகள். கெமராவில் அந்த வசதி இருந்தால் பனிக்காகவே அதைப் போடுங்கள். கச்சானில் ஆடும் தேயிலை இலைகளுக்கு நேர்மாறான தொல்லை: ஆயிரக்கணக்கான சிறு விளிம்புகள் ஒன்றாக அசைந்தால் சுருக்கும் மென்பொருள் திணறி எல்லாவற்றையும் பச்சைக் கூழாக்கும். பிட் வீதத்தை உச்சத்தில் வையுங்கள். மெமரி கார்ட் மலிந்துவிட்டது.

இத்தனையும் ஒன்றாகச் சோதனைக்கு வரும் இடம் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தளம்: நீண்ட வரிசை யன்னல்கள், பகல் ஒளி, அகலமான லென்ஸ், 5,500 கெல்வின். கீழே உருட்டும் இயந்திரங்கள்: டியூப் லைட், அதனால் 1/50ஐ விட்டு நகரக்கூடாது; நிறம் 4,000 கெல்வின் பக்கம். யன்னல் ஒளியும் டியூப் ஒளியும் கலக்கும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிடவேண்டும். ஆள் எந்த ஒளியில் நிற்கிறாரோ அந்த ஒளியைத் தேர்ந்துகொள்வேன். புளிக்க வைக்கும் அறையில் ஈரப்பதத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருப்பார்கள்.

அங்கேதான் லென்ஸ் காலை வாரும். பண்டாரவளைப் பக்கம் தை மாத விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நின்று குளிர்ந்துபோன லென்ஸை இந்த ஈரக் காற்றுக்குள் கொண்டுவந்தால், கண்ணாடியின் மேல் உடனே நீர் படியும். துடைத்தால் மறுபடி படியும். துடைக்கத் துடைக்கப் பூச்சில் கீறல்தான் மிஞ்சும். உள்ளே போவதற்கு முன் கெமராவைப் பையில் போட்டு இறுக மூடி, மூடியபடியே உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் வையுங்கள். பைக்குள் இருக்கும் வறண்ட குளிர் காற்றோடு லென்ஸ் மெதுவாகச் சூடேறும், நீர் படியாது. வீட்டுக்கு வந்தபின் அதே பையிலேயே கெமராவை விட்டுவிடவும் கூடாது. மலைநாட்டு ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை நூல்நூலாகப் பரவும். அதன் அமிலம் பூச்சை அரித்துவிட்டால் எந்தக் கடையிலும் திருத்த முடியாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு பிடி சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் ஈரம் குடித்து முடிந்ததும் தெரியும். மெல்லிய தீயில் வறுத்தெடுத்தால் பழைய நிறத்துக்கு வந்து, மறுபடி வேலை செய்யும்.